மாமரம் அடங்காமல் வளர்கிறதா, வளராமலே நிற்கிறதா? ஒட்டுக்குக் கீழே பாருங்கள்

உடுமலைக்குத் தெற்கே மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு. 15 அடிக்கு 15 அடி கட்டத்தில் இமாம்பசந்தும் அல்போன்சாவும் கலந்து வைத்தது. ஏழாவது வருசம் தோப்புக்குள் டிராக்டர் நுழைய முடியவில்லை. ஆனால் அதே தோப்பில் மேற்கு ஓரத்து வரிசை மட்டும் என் நெஞ்சு உயரத்தைத் தாண்டவில்லை. ஒரே தண்ணீர், ஒரே எரு, நட்டதும் ஒரே வாரத்தில்தான். மூன்று வருசம் நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், கவாத்து பண்ணினேன், உரத்தைக் கூட்டினேன், குறைத்தேன், மருந்து ஊற்றினேன், காரணம் என்னவோ முழங்காலுக்குக் கீழே, ஒட்டுப் போட்ட இடத்துக்கும் அடியில் இருந்தது.

மரம் சிறிதாக இருக்க வேண்டும் என்று நான் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் கூலி ஆள்தான். எங்கள் பக்கம் காய் பறிக்க ஏறுகிற கை இல்லை, இளவட்டங்கள் எல்லாம் திருப்பூர் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். தொரட்டியில் இழுத்துக் கீழே விழுந்த காய்க்கு அடிபட்டுப் பால் வடிந்து தோல் கருகிவிடும், மண்டியில் பாதி விலைகூடக் கிடைக்காது. தரையில் நின்று கையால் காம்போடு நறுக்குகிற உயரத்தில் மரம் இருந்தால் அம்மாவும் நானும் சேர்ந்தே ஒரு காலைப்பொழுதில் நான்கைந்து மரத்தை முடித்துவிடுவோம்.

சரி, விசயத்துக்கு வருவோம். ஒட்டுக்கன்று என்றால் இரண்டு செடி. மேலே தாய்க்குச்சி, அதுதான் நமக்குத் தெரிந்த ரகம். கீழே வேர்ச்செடி. பழத்தின் ருசியைத் தாய்க்குச்சி பார்த்துக்கொள்ளும், மரம் எவ்வளவு பெரிதாகும் என்பதில் வேர்ச்செடிக்குப் பெரிய பங்கு உண்டு. காசுமீரிலும் இமாசலத்திலும் விளைகிற செர்ரியை எடுத்துக்கொள்ளுங்கள், மாசார்டு என்ற காட்டுச்செர்ரி வேரில் ஒட்டினால் 30 அடிக்கு மேல் போகும், அதே ரகத்தை கிசெலா 5 என்ற வேரில் ஒட்டினால் ஏறக்குறைய பாதி உயரத்தில் நின்றுவிடும். இந்த கிசெலா ஜெர்மனியில் கீசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் புளிப்புச் செர்ரியையும் சாம்பல் இலைச் செர்ரியையும் கலந்து எடுத்தது. ஆப்பிளுக்கு இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங்கில் இருந்து வந்த எம் 9 என்ற குட்டை வேர் இருக்கிறது. அங்கெல்லாம் விவசாயி வேரின் பெயரைச் சொல்லித்தான் கன்று வாங்குகிறார், இடைவெளியையும் அதை வைத்துத்தான் போடுகிறார். மாவுக்கு அப்படி நம்பி வாங்குகிற குட்டை வேர் இன்னும் கடைக்கு வரவில்லை. நம் ஊரில் கன்று வாங்கும்போது ரகத்தைக் கேட்கிறோம், விலையைக் கேட்கிறோம், வேரை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். மரத்தடியில் மண்ணை விரலால் விலக்கி ஒட்டுத் தழும்பைக் கண்டுபிடியுங்கள். பட்டையின் சொரசொரப்பு திடீரென்று மாறும், லேசான சாய்வுக் கோடோ முடிச்சோ தெரியும். தழும்பு மண்ணுக்குள் போயிருந்தால் சுற்றிலும் வெட்டித் திறந்துவிடுங்கள். தழும்புக்கு நான்கு விரல் மேலேயும் நான்கு விரல் கீழேயும் சணல் கயிறு சுற்றி இரண்டு சுற்றளவையும் எழுதி வையுங்கள். இனிச் சொல்லப் போகிற பாதிக்கு இந்த இரண்டு எண்ணும் வேண்டும்.

ஒரே வரிசையில் ஒன்று ஓங்கி நிற்கிறது, பக்கத்தில் ஒன்று குட்டையாக இருக்கிறது

மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, ரகமும் ஒன்று, ஆனாலும் மரத்துக்கு மரம் உயரம் தாறுமாறாக இருந்தால் பெரும்பாலும் வேர்ச்செடி கலப்படம்தான். இதை நான் கன்று வாங்கிய இடத்திலேயே போய்க் கேட்டேன்.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் எந்தக் கொட்டையில ஒட்டுனதுங்க?"

"மாங்கொட்டைதானுங்க தம்பி."

"அதுதானுங்க, எந்த மாங்கொட்டை?"

"கூழ் பேக்டரியில இருந்து லோடு வருமுங்க. அதுல எல்லாம் கலந்துதான் கெடக்கும். மொளச்சதுல ஒட்டுவோமுங்க."

அவர் ஒளிக்கவில்லை, நான் அதுவரை கேட்காததுதான். பங்கனப்பள்ளி, அல்போன்சா, பெங்களூரா மாதிரி ரகங்களின் கொட்டையில் ஒரே ஒரு கரு, அது மகரந்தக் கலப்பில் வந்த கரு. ஒரு தாய் வயிற்றில் பிறந்த பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றும் ஒரு குணம். அதை வேராக வைத்தால் மேலே ஒரே ரகம் இருந்தாலும் வளர்த்தி ஒன்றாக இருக்காது.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கதையே வேறு. கேரளத்து நாட்டு மாக்கள் பலவற்றுக்கு, மூவாண்டன், ஓலூர், குருக்கன், சந்திரக்காரன், வெள்ளைக்கொளம்பான் இவற்றுக்கெல்லாம், ஒரு கொட்டைக்குள் பல கரு. கலப்பில் வந்தது அதிகம் போனால் ஒன்று, மற்றவை தாயின் திசுவிலிருந்தே உருவானவை, அதனால் தாயை உரித்து வைத்த மாதிரி இருக்கும். போன வருசம் மூவாண்டன் கொட்டை ஒன்றை ஓட்டை நீக்கிப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரே பருப்பாக இல்லாமல் பூண்டுப் பல் மாதிரி துண்டு துண்டாகச் செருகியிருந்தது. மணலில் வைத்ததும் 20 நாள் வாக்கில் ஒரே கொட்டையிலிருந்து மூன்று செங்குருத்து வந்தது, இரண்டு ஒரே உயரம், மூன்றாவது இலை அகன்று தனியாகத் தெரிந்தது. அந்தத் தனியானதைக் கிள்ளிவிட வேண்டும். கலப்பில் வந்த கன்று நோஞ்சானாகத்தான் இருக்கும் என்று சொல்வார்கள், எப்போதும் அப்படி இல்லை, சில நேரம் அதுதான் முந்திக்கொண்டு வரும். அதனால் உயரமானதை எடுக்காதீர்கள், ஒன்றுபோல இருப்பவற்றை எடுங்கள்.

நட்டு வளர்ந்துவிட்ட தோப்பில் வேரை மாற்ற முடியாது. மேலே தலைமாற்று ஒட்டு போட்டாலும் வேர் அதே வேர்தான். செய்யக்கூடியது, ஓங்கின மரத்துக்கும் குட்டை மரத்துக்கும் ஒரே கணக்கில் உரம் வைப்பதை நிறுத்துவது. ஓங்கினவற்றுக்கு யூரியாவை அறவே வெட்டுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் தண்டில் ஒரு பெயின்ட் அடையாளம் வைத்துவிட்டால் உரம் வைக்கிற ஆளுக்கும் குழப்பம் வராது.

கிளைகள் கோர்த்துக்கொண்டன, காய் உச்சியில் மட்டும் வருகிறது

மதியம் 12 மணிக்கு மரத்தடியில் நின்று தரையைப் பாருங்கள். வெயில் புள்ளிகள் ஆங்காங்கே விழுந்தால் பிரச்சினை இல்லை. தரை முழுக்க இருட்டாக இருந்து, உள்கிளையெல்லாம் மொட்டையாக, இலை நுனியில் மட்டும் இருந்தால் மரத்தின் வீரியத்துக்கு நீங்கள் கொடுத்த இடைவெளி போதவில்லை என்று அர்த்தம்.

முன்னோர்கள் 30 அடிக்கு 30 அடி வைத்தார்கள், ஏக்கருக்கு 48 மரம். 15 அடிக் கட்டத்தில் 193. இப்போது 3 மீட்டருக்கு 2 மீட்டர் என்று மிக அடர் நடவு வந்திருக்கிறது, அதில் ஏக்கருக்கு 670க்கு மேல் போகும். இந்த அடர்த்தி எல்லாம் குட்டை வேரை நம்பி வந்தவை இல்லை, கத்தரிக்கோலை நம்பி வந்தவை. வருசம் தவறாமல் அறுவடை முடிந்த கையோடு வெட்ட ஆளும் மனசும் இருந்தால் மட்டும் போங்கள். விதிவிலக்கு ஆம்ரபாலி, தசேரியையும் நீலத்தையும் கலந்து டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம், இயல்பிலேயே குட்டை, எக்டேருக்கு 1600 மரம் என்று நெருக்கி வைக்கவே சிபாரிசு செய்தார்கள். அங்கே அடக்குவது மேலே இருக்கிற ரகம். இமாம்பசந்தை அந்த நம்பிக்கையில் நெருக்கினால் எங்கள் கதைதான்.

வெட்டுவதில் எல்லோரும் செய்கிற தப்பு, உச்சியை மட்டமாகச் சீவிவிடுவது. வீரியமான வேர் சும்மா இருக்காது, கீழேயிருந்து தள்ளுகிற தள்ளலுக்கு ஒரு வெட்டுக்குப் பத்து நீர்ப்போத்து செங்குத்தாகக் கிளம்பும், அடுத்த வருசம் பழைய உயரத்தைவிட மேலே போயிருக்கும். நடுவில் நேராக நிற்கிற ஒன்றிரண்டு பெருங்கிளையை அது பிறந்த இடத்திலேயே எடுத்துவிடுங்கள், மரத்தின் வயிற்றில் வெயில் இறங்கட்டும். ஒரே வருசத்தில் எல்லாவற்றையும் எடுக்காமல் இரண்டு, மூன்று வருசமாகப் பிரித்துச் செய்யுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) பூசுங்கள். ஜூலை முடிவதற்குள் வேலை முடிய வேண்டும், ஏனென்றால் வெட்டிய பிறகு வருகிற துளிர் முற்றினால்தான் மார்கழி, தையில் பூ எடுக்கும். ஐப்பசியில் போய் வெட்டினால் அந்த வருசம் இலையைத்தான் பார்ப்பீர்கள்.

வெட்டியும் அடங்கவில்லை என்றால் மரத்தைக் குறையுங்கள். 15 அடிக் கட்டத்தில் மூலைவாட்டில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் மிச்ச மரங்களுக்கு 21 அடி கிடைக்கும். எங்கள் தோப்பில் 290இல் பாதியை எடுக்கலாம் என்று நான் சொன்னபோது அய்யன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் அவருக்கு. கடைசியில் அவரே சுண்ணாம்புக் குச்சியோடு வந்து எது போகலாம் என்று குறி போட்டார். சுற்றளவு எழுதின நோட்டு அங்கேதான் உதவியது, அடங்காத வேர்களை முதலில் எடுத்தோம்.

ஒட்டுக்குக் கீழே துளிர் வருகிறது, அல்லது மரத்தில் இரண்டு விதமான இலை

வேர்ச்செடி தலைதூக்குகிறது. மாவில் இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள், மணம் வேறாக இருக்கும். கத்தியால் வெட்டாதீர்கள், இளசாக இருக்கும்போதே கீழ்நோக்கி இழுத்துக் கிழித்து எடுங்கள், வெட்டினால் அடிக்கண்ணிலிருந்து மறுபடி இரண்டு வரும்.

சப்போட்டா வைத்திருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். சப்போட்டாவைப் பாலை மரத்தில்தான் ஒட்டுகிறார்கள். பாலை இலை சின்னது, கரும்பச்சை, நுனி கூராக இல்லாமல் உள்வாங்கி ஒரு வெட்டு விழுந்த மாதிரி இருக்கும், அப்படி ஓர் இலையைப் பார்த்தால் தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். கொய்யாவில் பதியன் கன்று என்றால் வேர்ச்செடியே கிடையாது, அது தன் வேரிலேயே நிற்கிறது, அங்கே உயரம் முழுக்க உங்கள் கவாத்தைப் பொறுத்தது.

ஒட்டு இடத்தில் வீக்கம், ஆடிக்காற்றில் மரம் முறிகிறது

கணவாய்க் காற்றைப் பற்றி பொள்ளாச்சி, உடுமலை ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, காற்றாலை வைத்ததே அதை நம்பித்தான். அந்தக் காற்றில் முறிந்த மரத்தை விறகுக்கு வெட்டுவதற்கு முன் முறிவாயைப் பாருங்கள். நாரும் சிம்புமாகக் கிழிந்திருந்தால் காற்றின் வேலை. ஒட்டுத் தழும்பிலேயே, பசை விட்ட பலகை மாதிரி வழவழவென்று பிரிந்திருந்தால் ஒட்டு சேரவே இல்லை.

நிற்கிற மரத்தில், மேல் சுற்றளவும் கீழ் சுற்றளவும் கொஞ்சம் வித்தியாசப்பட்டால் பயப்பட வேண்டாம், வீரியம் வேறு வேறான இரண்டு செடி சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும். தழும்பில் உருண்டையாகத் திரண்டு, அதற்கு மேல் இலை வெளுத்து, பருவம் தப்பிப் பூக்கிறது என்றால்தான் கவலை. அதிலும் முதலில் ஒட்டு நாடாவைத் தேடுங்கள். எங்கள் தோப்பில் ஆறு மரத்தில் இந்த வீக்கம். பட்டையின் மடிப்புக்குள் நகத்தை விட்டு நோண்டினேன், வெள்ளைப் பாலித்தீன் நுனி ஒன்று மாட்டியது. இழுக்க இழுக்க வந்தது, சுற்று சுற்றாக, பட்டைக்குள்ளே ஒரு விரற்கடை ஆழம். நட்ட அன்றைக்கே பிளேடால் ஒரு கீறல் போட்டிருந்தால் போதும், நாங்கள் யாருமே பார்க்கவில்லை. நான்கு மரம் பிழைத்தது, கணவாய்க் காற்று வருகிற மேற்குப் பக்கம் முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறோம்.

குட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் இலை சரியில்லை

இதைக் குட்டை வேர் என்று நினைத்துச் சந்தோசப்படாதீர்கள். அடக்குகிற வேரில் இருக்கிற மரம் சின்னதாக இருந்தாலும் இலை பச்சையாக, கொப்பு தெம்பாக, சீக்கிரமே பூத்துக் காய்க்கும். நோயாளி மரம் வேறு.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மண்ணில் இருக்கிற சுண்ணாம்புதான் காரணம். நம் மண்ணில் இரண்டடி தோண்டினால் சுக்காங்கல் வருகிற காடு நிறைய இருக்கிறது, அங்கே மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. 10 லிட்டர் தண்ணீருக்கு அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 50 கிராம், சிட்ரிக் அமிலம் 10 கிராம் கலந்து இளந்துளிரில் சாயங்காலம் தெளியுங்கள். பழைய இலையின் நுனியும் ஓரமும் தீய்ந்து பழுப்பானால் உப்புதான் காரணம், போர்த் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். மா உப்பைத் தாங்காத மரம். இதிலும் வேர்ச்செடிக்கு வேர்ச்செடி வித்தியாசம் உண்டு, இசுரேலில் உப்பும் சுண்ணாம்பும் உள்ள நிலத்துக்கு என்றே 13-1 என்ற வேரைத் தேர்ந்தெடுத்தார்கள், நம் பக்கத்து வேர்களில் குருக்கனும் ஓலூரும் ஓரளவு தாங்கும் என்று சோதனைகளில் வந்திருக்கிறது. நொய்யல் கரையோரம் நிலம் இருப்பவர்கள் மா வைக்கும் முன் தண்ணீர்ச் சோதனையைத் தள்ளிப் போடவே கூடாது.

இலை பச்சை, மரம் மட்டும் நகரவில்லை

எங்கள் மேற்கு வரிசை இதுதான். கன்று எண்ணிக்கை குறைந்தபோது இன்னோர் இடத்தில் விற்காமல் நின்ற பழைய கன்றுகளை மலிவாக வாங்கி வைத்தோம். எட்டாவது வருசம் ஒன்றை அடியோடு தோண்டினேன். ஆணிவேர் கீழே போகவே இல்லை. பையின் அடியில் முட்டித் திரும்பி, சுற்றிச் சுற்றி, தலையில் வைக்கிற சும்மாடு மாதிரி இறுகி, அதே பையின் வடிவத்தில் எட்டு வருசமாக மண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது. தண்டைப் பிடித்து ஆட்டினால் அடிமண்ணோடு சேர்ந்து ஆடுகிறது என்றால் உங்களுடையதும் இதேதான். வைத்தியம் இல்லை, எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். கன்று வாங்கும்போது பையின் அடியைத் தொட்டுப் பாருங்கள், வேர் வெளியே வந்து தடித்திருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கல்டார் ஊற்றின பிறகு இலை குட்டையாகிக் கொத்துக் கொத்தாக நிற்கிறது

கல்டாரில் இருக்கிற பேக்லோபியூட்ரசால் என்ற வளர்ச்சியடக்கி மருந்து அதிகமாகிவிட்டது. அது மரத்துக்குள் நீட்சியைத் தருகிற ஜிப்ரலின் உருவாவதைத் தடுக்கும், அதனால்தான் கணு நெருங்குகிறது, பூங்கொத்தும் கைக்குட்டையைக் கசக்கின மாதிரி சுருங்குகிறது. அளவு, மரத்தின் விரிவை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு அளந்து ஒரு மீட்டருக்குச் சுத்த மருந்து 1 கிராம், 25 சத மருந்தில் அது 4 மில்லி. பூப்பதற்கு மூன்று, நான்கு மாதம் முன்னால், ஈரமான மண்ணில். மண்ணில் நெடுநாள் தங்குகிற மருந்து இது, போன வருசத்து மிச்சம் இருக்கும்போது இந்த வருசமும் முழு அளவு ஊற்றினால் இப்படித்தான் ஆகும். ஒரு வருசம் நிறுத்தி, தண்ணீரும் தொழுவுரமும் கொடுங்கள், லேசாக வெட்டிப் புதுத் துளிர் வரவழையுங்கள். வேரின் வீரியத்தை மருந்தால் வருசா வருசம் அடக்கிக்கொண்டே இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பூப்பு தவறுகிற மரத்துக்கு அளவோடு கொடுக்கலாம், உயரத்துக்காக வேண்டாம்.

புதிதாக வைக்கிறவர்கள் என்ன செய்யலாம்

அல்போன்சா என்றால் வெள்ளைக்கொளம்பான் வேர் மரத்தை அடக்கியதாக ஆராய்ச்சிகளில் இருக்கிறது. அதே வேர் இமாம்பசந்தையும் அந்த அளவுக்கு அடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரே வேர் எல்லா ரகத்திடமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. குட்டையாகக் கிடைக்காவிட்டாலும் ஒரே சீராகக் கிடைத்தாலே பாதித் தொல்லை தீரும், ஒரு மரத்துக்குச் சரியான இடைவெளி எல்லா மரத்துக்கும் சரியாக இருக்கும். இன்னொன்று, செர்ரியில் கிசெலா 5 வைத்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது, அந்த வேர் காயை அளவுக்கு மீறிப் பிடிக்க வைக்கும், நல்ல மண்ணும் கவாத்தும் இல்லை என்றால் பழம் சிறுத்துப் போகும்.

மேற்கு வரிசை இருந்த இடத்தில் நான் இப்போது கன்றே வைக்கவில்லை. வைகாசியில் பாலக்காட்டுப் பக்கம் ஒரே மூவாண்டன் மரத்திலிருந்து பழம் வாங்கி, தின்று, கொட்டையைக் கழுவி நிழலில் உலர்த்தி, அந்த வாரமே குழிக்கு மூன்றாக நேராக நட்டுவிட்டேன். மாங்கொட்டைக்கு ஒரு மாதத்துக்கு மேல் முளைப்புத்திறன் நிற்காது, அதனால் பத்திரப்படுத்தி வைக்காதீர்கள். ஆணிவேர் எந்தப் பையிலும் முட்டாமல் இறங்குகிறது. தனியாகத் தெரிந்த கன்றுகளைக் கிள்ளியாகிவிட்டது, அடுத்த ஆடிக்குத் தண்டு பென்சில் கனம் வந்ததும் அங்கேயே அல்போன்சாக் குச்சியை வைத்து இளந்தண்டு ஒட்டு போடுவேன். இந்த முறை நாடாவை எப்போது அறுக்க வேண்டும் என்று காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.